மாதிரித் தொடருந்துத் தளத்துக்கு மலிவான சின்னக் கார்கள்: எங்கே தேடலாம், எப்படித் தெரிவுசெய்யலாம்?

புலம்பெயர் நாடுகளில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு முதலாவது தொடருந்துப் பெட்டி நத்தார் பரிசாகவோ பிறந்தநாள் பரிசாகவோ வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒரு வட்டத் தண்டவாளம், ஒரு இயந்திரம், இரண்டு மூன்று பெட்டிகள். சில மாதங்களில் அது நிலத்திலிருந்து ஒரு பலகையில் ஏறும். நிலையம் வரும், மரம் வரும், தெரு வரும். தெரு வந்த அன்றே பிள்ளை கேட்கும்: "அப்பா, றோட்டிலை ஒரு காரும் இல்லையே?"

கடைக்குப் போய்ப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். விரல் நீளம்கூட இல்லாத ஒரு காருக்கு 15 யூரோ, 20 யூரோ என்று எழுதியிருப்பார்கள். ஒரு தெருவை நிரப்ப இருபது கார் வேண்டுமென்றால் தொடருந்தை விடக் கார்களுக்கே காசு கூடப் போய்விடும். "இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, எங்களுக்குச் சரிவராது" என்று பல வீடுகளில் பலகை கட்டிலுக்கு அடியில் போவது இந்த இடத்தில்தான். அப்படிப் போகத் தேவையில்லை. அளவு தெரிந்து, இடம் தெரிந்து தேடினால் குறைந்த காசில் ஒரு தெருவை நிரப்பிவிடலாம். நாங்கள் பட்டுத் தெளிந்ததையும் கேட்டு அறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் அளவு

கார் வாங்க முன்னர் உங்கள் தொடருந்து எந்த அளவு என்று பெட்டியில் பாருங்கள். ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ், கனடா போன்ற நாடுகளில் பெரும்பாலும் எச்ஓ என்ற அளவு விற்கப்படுகிறது. அது 1:87, அதாவது உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு. பிரித்தானியாவில் வழக்கில் உள்ளது டபிள்ஓ, 1:76. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில்தான். அந்தக் காலத்து மின்மோட்டர் பிரித்தானியாவின் சின்ன இயந்திரங்களின் உடலுக்குள் அடங்காததால், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் பெருப்பித்தார்கள். ஆகவே தண்டவாளத்தை அளந்து கார் வாங்கினால் பிழைத்துப் போகும். இவற்றை விடச் சிறியது என் அளவு. அது ஐரோப்பாவில் 1:160, பிரித்தானியாவில் 1:148.

கணக்கு இலகுவானது. உண்மைக் காரின் நீளத்தை அளவு எண்ணால் பிரியுங்கள். நான்கு மீற்றர் நீளமான ஒரு சாதாரண கார் என் அளவில் 25 மி.மீ, எச்ஓ அளவில் 46 மி.மீ, டபிள்ஓ அளவில் 53 மி.மீ வரும். அதே கார் 1:64 இல் 62 மி.மீக்குச் சற்றுக் கூட இருக்கும். சந்தைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்ன அடிமட்டம் வைத்திருங்கள். காரின் அடியில் அளவு அச்சிட்டிருந்தாலும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

விளையாட்டுக் கார்கள் ஏன் பொருந்துவதில்லை?

எல்லா வீட்டிலும் மட்ச்பொக்ஸ், ஹொட்வீல்ஸ் கார்கள் ஒரு வாளி நிறையக் கிடக்கும். அவற்றை வைத்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றும். அவை ஏறத்தாழ 1:64 என்று சொல்லப்பட்டாலும், 1953இல் மட்ச்பொக்ஸ் தொடங்கிய காலம் முதல் இவை ஒரே அளவான பெட்டிக்குள் அடங்கும்படியே செய்யப்பட்டு வந்தன. அதனால் கார் பெரிதாக இருக்கும். பேருந்தும் பாரவூர்தியும் அதே நீளத்துக்குச் சுருங்கிப் போயிருக்கும். எச்ஓ நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தக் காரை நிறுத்தினால் கதவு வழியாக ஆள் இறங்குவதற்குப் பதிலாக யானை இறங்கும் போல இருக்கும்.

ஆனாலும் வாளியை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். அதற்குள் இருக்கும் பாரவூர்தி, உழவு இயந்திரம், சீமெந்து கலக்கும் வண்டி போன்றவை சில வேளைகளில் 1:76க்கோ 1:87க்கோ கிட்ட வரும். அளந்து பாருங்கள். ஜேர்மனியின் சீக்கு நிறுவனம் 1:87 என்று எழுதியே சில பாரவூர்திகளையும் உழவு இயந்திரங்களையும் விற்கிறது. அவை விளையாட்டுச் சாமான் பகுதியில் இருப்பதால் மாதிரித் தொடருந்துக் கடையை விட விலை குறைவாகவே கிடைக்கும்.

பெயர் தெரிந்து தேடுங்கள்

பழைய சாமான் பெட்டியைக் கிளறும்போது காரின் அடியில் உள்ள பெயர் உதவும். எச்ஓ அளவுக்கு விக்கிங், ஹேர்ப்பா, புஷ், பிறெக்கினா, றீற்செ என்பன ஜேர்மனியப் பெயர்கள். அமெரிக்கா, கனடாப் பக்கம் கிளாசிக் மெற்றல் வேர்க்ஸ் உண்டு. டபிள்ஓவுக்கு ஒக்ஸ்போர்ட் டைகாஸ்ற் பெருந்தொகையான கார்களை 1:76 அளவில் செய்கிறது. புதிதாக வாங்கினாலும் ஜேர்மனியக் கார்களை விட இவை பெரும்பாலும் மலிவு. பேருந்துகளுக்கு ஈஎவ்ஈ, கோர்கி என்ற பெயர்களைப் பாருங்கள்.

விக்கிங்கில் ஒரு கவனம். மிகப் பழைய விக்கிங் கார்களைச் சேகரிப்போர் நல்ல விலைக்குத் தேடுகிறார்கள். அப்படி ஒன்று ஒரு யூரோவுக்கு அகப்பட்டால் பூச்சுப் பூச முன்னர் அதன் பெறுமதியை விசாரியுங்கள். அதை விற்ற காசில் பத்துச் சாதாரண கார் வாங்கலாம்.

எங்கே தேடலாம்?

சுவிஸில் உள்ளவர்களுக்குப் புறொக்கிதான் முதலிடம். ஜேர்மனியில் புளோமார்க்ற், அதைவிடச் சிறந்தது மொடெல்பான்பேர்சே என்ற மாதிரித் தொடருந்துச் சந்தை. இது குளிர்காலத்தில் ஊர் மண்டபங்களில் அடிக்கடி நடக்கும். மேசையின் மேல் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவை விலை கூடியவை. மேசைக்குக் கீழே "எது எடுத்தாலும் ஒரு விலை" என்று ஒரு மட்டைப்பெட்டி இருக்கும். நாங்கள் குனிய வேண்டியது அங்கேதான். பக்கக் கண்ணாடி முறிந்தது, ஒரு சில்லு போனது, பெட்டி இல்லாதது என்று ஒதுக்கிய கார்கள் ஒன்றிரண்டு யூரோவுக்கு அகப்படும். முடியும் நேரத்தில் போய் மொத்தமாகக் கேட்டால் இன்னும் குறைப்பார்கள்.

பிரித்தானியாவில் ஞாயிறு காலை கார் பூட் சேலும் தொண்டு நிறுவனக் கடைகளும். பிரான்சில் வீட்-குறெனியே. நோர்வேயில் பாடசாலை வாத்தியக் குழுக்கள் நடத்தும் லொப்பமார்க்கட். நெதர்லாந்தில் அரசர் நாளான ஏப்ரல் 27 அன்று பிள்ளைகளே தெருவில் துணி விரித்துத் தங்கள் விளையாட்டுச் சாமான்களை விற்பார்கள். கனடாவில் கோடைகாலக் கராஜ் சேல்களும் தொடருந்துக் கண்காட்சிகளும் உண்டு. எங்கே போனாலும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மேசைகளுக்குப் பின்னால் இருக்கும் முதியவர்கள் பலர், அக்கறையாகக் கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டால் ஒரு காரைச் சும்மாவே கையில் கொடுத்துவிடுவார்கள்.

இணையத்தில் ஐம்பது, நூறு கார் ஒரே பையில் மிக மலிவாக விற்கிறார்கள். நாங்களும் ஒருமுறை 1:87 என்று எழுதியதை நம்பி ஐம்பது கார் எடுப்பித்தோம். வந்ததை அளந்தால் 40 மி.மீ, அதாவது 1:100 அளவு, கட்டடக் கலைஞர்கள் வரைபட மாதிரிகளுக்கு வைக்கும் சாதி. கண்ணாடியும் இல்லை, எல்லாம் ஒரே அச்சு. திருப்பி அனுப்பும் செலவு வாங்கிய விலையைத் தாண்டியது. ஆகவே விளம்பரத்தில் அளவு விகிதத்தைப் பார்க்காமல் மி.மீ நீளத்தைப் பாருங்கள். அது போடாத இடத்தில் வாங்காதீர்கள்.

மலிவான காரை நல்ல காராக்குவது

மலிவுக் காரைக் காட்டிக்கொடுப்பது அதன் பளபளப்பு. பளபளப்பை மங்கச் செய்யும் மற் வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை விசிறினால் பிளாஸ்ரிக் தன்மை பாதி மறைந்துவிடும். கண்ணாடியில் படாமல் முதலில் ஒட்டுநாடாவால் மூடுங்கள். ரயரைக் கடுஞ்சாம்பல் நிறமாகவும், சில்லின் நடுவை வெள்ளி நிறமாகவும், பின்விளக்கைச் சிவப்புப் பொட்டாகவும் தீட்டுங்கள். கண்ணாடி இல்லாத காருக்கு யன்னல் இடத்தில் கறுப்புச் சாம்பல் பூசினால் ஓரடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. இதற்குப் பிள்ளையின் பொறுமையும் ஒரு மெல்லிய தூரிகையும் போதும்.

அளவு சற்றுப் பிசகிய கார்களையும் எறிய வேண்டாம். எங்கள் 1:100 கார்கள் இப்போது தளத்தின் பின்பக்க மலையடித் தெருவில் நிற்கின்றன. தூரத்தில் போகும் கார் சின்னதாகத்தானே தெரியும்! 1:72 கார் டபிள்ஓ தளத்தில் பெரிதாக உறுத்தாது. ஆனால் வேறு வேறு அளவுக் கார்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. சில்லுப் போன காரை வேலிக்குப் பின்னாலும், முன்பக்கம் முறிந்ததைத் திருத்தகத்துக்குள் பாதி தள்ளியும் வைக்கலாம்.

இன்னொன்று: தெரு நிறையக் கார் வேண்டியதில்லை. நிலைய வாசலில் மூன்று, கடவையில் காத்து நிற்க இரண்டு, கடைக்கு முன் ஒன்று என்று வைத்தாலே உயிர் வந்துவிடும்.

எங்கள் ஊர்த் தெரு வேண்டுமென்றால்

சில வீடுகளில் பிள்ளைகள் ஊர் நிலையத்தையே செய்ய விரும்புகிறார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தொடருந்து வராத நிலையம்தான் தெரியும். எனவே எந்தக் காலத்து நிலையம் என்று முதலில் முடிவெடுங்கள். கார்களும் அதற்கு ஏற்பத்தான் வரவேண்டும்.

இங்கே டபிள்ஓ அளவு கைகொடுக்கும். ஊரில் ஓடியவை பிரித்தானியக் கார்கள். ஓட்டுநர் இருக்கையும் வலப்பக்கம். ஜேர்மனியக் கார்களில் அது இடப்பக்கம். மொறிஸ் மைனர் 1:76 அளவில் இலகுவாகக் கிடைக்கும். ஏறத்தாழ 50 மி.மீ நீளம். லாண்ட்றோவரும் உண்டு. இலண்டனில் ஓடி முடித்த ஆர்ரி வகை இரட்டைத்தட்டுப் பேருந்துகள் பெருந்தொகையாக இலங்கைக்கு விற்கப்பட்டவை. எனவே சிவப்பு நிற ஆர்ரி மாதிரி ஒன்று அகப்பட்டால் இலண்டன் பெயர்ப்பலகையை மறைத்து இ.போ.ச. பேருந்தாக்கிவிடலாம்.

எங்கள் வீட்டில் அப்பப்பா இந்தப் பலகைப் பக்கம் வராதவர். ஒருநாள் இரண்டு பவுணுக்கு வாங்கிய மொறிஸ் மைனரை நிலைய வாசலில் வைத்தபோது வந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடைக்காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கதையை அன்றுதான் பேரப்பிள்ளை முதன்முதலாகக் கேட்டான். "புகை வரவேணும், பின்பக்கத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கு" என்று தூரிகையையும் எடுத்துக் கொடுத்தார்.

சில எச்சரிக்கைகள்

இந்தக் கார்களின் சில்லும் கண்ணாடியும் மிகச் சிறியவை. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் பலகை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். விளக்கெரியும் கார்களில் பொத்தான் மின்கலம் இருந்தால் இன்னும் கவனம். அதை விழுங்கினால் உயிராபத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மிகப் பழைய உலோகக் கார்களின் பூச்சில் ஈயம் இருக்கலாம். அவற்றைச் சுரண்டவோ வாயில் வைக்கவோ விட வேண்டாம். வார்னிஷ் விசிறும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்தால் வெளியே செய்யுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு அடிமட்டம், ஒரு தூரிகை, பத்து யூரோ போதும். அடுத்த சனிக்கிழமை உங்கள் ஊரில் எங்கே சந்தை என்று இன்றே பாருங்கள். முதல் ஐந்து காரையும் பிள்ளையே அளந்து தெரிவுசெய்யட்டும்.