கங்காணி கூலியான கதை

கவிஞர் சாசர் வாழ்ந்த 14-ஆம் நூற்றாண்டு லண்டனில் கேள்வி கேட்பது சுலபமாக இருந்தது. வினைச்சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்தால் போதும். 'வென்ட் ஹீ?' என்றால் 'போனானா?'. எந்த வினைக்கும் துணையாள் தேவைப்படவில்லை. ஆனால் தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு சின்னச் சொல், அதற்கு நூறாண்டு முன்பே தன் வேலையை இழக்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் சொல் 'டூ'. 'செய்' என்று மட்டுமல்ல, 'செய்வி' என்றும் அதற்குப் பொருள் இருந்தது. அரசன் கோட்டை கட்டினான் என்பதோடு, அதன் இறந்தகால வடிவமான 'டிட்' சேர்ந்தால், ஆள் வைத்துக் கட்டுவித்தான் என்று அர்த்தம். ஆக, அது ஒரு கங்காணிச் சொல். அரசன் கல் சுமக்க மாட்டான் என்பதுதான் ஊருக்கே தெரியுமே! அதனால் கேட்டவர்கள் 'கட்டினான்' என்றே புரிந்துகொண்டார்கள். 'டிட்' பொருளிழந்தது என்கிறார்கள் சில அறிஞர்கள். பொருளற்ற இந்த 'டூ', வேல்ஸ், கார்ன்வால் மக்களின் மொழிகளிலிருந்து ஒட்டிய பழக்கம் என்கிறார்கள் வேறு சிலர். எப்படியோ, கங்காணிக்கு வேலை போனது. இனி அதற்கு யார் சோறு போடுவார்கள்?

கவிஞர்கள் போட்டார்கள். நம் அசைச்சொல்லைப் போல, அடியில் ஓசை குறைந்த இடத்தை 'டூ' நிரப்பியது. வினையை அடியின் கடைசிக்குத் தள்ளி இயைபு சேர்க்கவும் உதவியது. மெல்ல உரைநடைக்குள்ளும் நுழைந்தது. அதற்குள் ஆங்கிலத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டிருந்தது.

பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகள் உதிர்ந்துவிட்டன. 'ஐ' இல்லாமல் 'கண்டான் அரசன் பேராயன்?' என்றால், யார் யாரைக் கண்டது? குழப்பம் தீர, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இறுகியது. வினை இருந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. கேள்விக்கோ முன்னால் ஒரு வினை நின்றாக வேண்டும். 'இஸ்', 'கேன்' போன்றவை பழையபடி முன்னே தாவின. மற்ற வினைகளுக்காக யார் போவது?

சும்மா இருந்த 'டூ' போனது. வெறுங்கையோடு போகவில்லை, வினையின் காலத்தையும் சுமந்துகொண்டு போனது. 'நோ' (அறி), 'சே' (சொல்) போன்ற அன்றாட வினைகள் நெடுநாள் முரண்டு பிடித்தன. ஷேக்ஸ்பியர் பழையதையும் புதியதையும் கலந்தே எழுதினார். சாதாரண வாக்கியங்களிலும் பரவிய 'டூ', 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சரிந்தது. 1755-இல் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன், அங்கே அது வருவதே பிழை என்றார். ஆனால் கேள்வியிலும், அது அதேபோல் குடியேறிய மறுப்பு வாக்கியத்திலும் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 1953-இல் ஸ்வீடன் அறிஞர் ஆல்வர் எல்லெகோர்ட், ஆயிரக்கணக்கான பழைய வாக்கியங்களை எண்ணி, இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கினார்.

தமிழில் 'போனானா?' என்ற கேள்வியில் காலம் வினைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நம் வகுப்பறைகளில் 'டிட் ஹீ வென்ட்?' என்று பிள்ளைகளின் வாயில் வருவது அதனாலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இறந்தகாலச் சுமையை 'டிட்' முன்பே தூக்கிவிட்டது. பின்னால் வரும் 'கோ' கைவீசி நடக்கலாம். 'டிட் ஹீ கோ?' பிறரைச் சுமக்க வைத்த பழைய கங்காணி, நானூறு ஆண்டுகளாகப் பிற வினைகளின் சுமையைத் தன் தலையில் சுமக்கிறது.