மென்பொருள் சரிபார்ப்பு ஆய்வுமுறைகள்: சிங்கப்பூர் ரயில் சமிக்ஞையின் சான்று

புதிய தொழில்நுட்பம் சொன்னபடி வேலை செய்கிறதா என்பதை எதைக்கொண்டு முடிவுசெய்வது? மென்பொருள் பொறியியல் இந்தக் கேள்வியைத் தாமதமாகவே எடுத்துக்கொண்டது. மார்வின் செல்கோவிட்ஸ், டொலோரஸ் வாலஸ் இருவரும் 1985, 1990, 1995 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 612 ஆய்வுக்கட்டுரைகளை அலசினார்கள். பலவற்றில் சோதனையே இல்லை. வேறு பலவற்றில் ஆசிரியரின் சொந்தக் கூற்றே சான்றாக நின்றது. 1998இல் அவர்கள் வெளியிட்ட வகைப்பாட்டில் பன்னிரண்டு முறைகள் உண்டு: நடப்பதை உற்றுநோக்குவன, பழைய பதிவுகளை ஆராய்வன, கட்டுப்பாட்டில் சோதிப்பன என மூன்று பிரிவுகள். இவற்றில் மூன்றாவதற்கே மதிப்பு அதிகம். பதிவுகளைப் புரட்டுவதைப் பலர் இரண்டாந்தரமாகவே கருதுகிறார்கள். சிங்கப்பூரின் டோபி காட் நிலையம் வழியாக ஓடும் ரயில் பாதைகளின் வரலாறு அந்த மதிப்பீட்டை ஏற்க விடாது.

சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த இந்த இடத்தில் 1987இல் வடக்கு-தெற்குப் பாதையின் நிலையம் திறந்தது. 2003இல் வடகிழக்குப் பாதையும் 2010இல் வட்டப் பாதையும் சேர்ந்தன. பின்னிரண்டிலும் ஓட்டுநர் கிடையாது. மென்பொருளும் வானொலி அலைகளுமே ரயிலை நடத்துகின்றன. 2016 ஆகஸ்ட் இறுதியில் வட்டப் பாதை ரயில்கள் சமிக்ஞைத் தொடர்பு அறுந்து, அவசர பிரேக் விழுந்து ஆங்காங்கே நின்றன. நவம்பர் தொடக்கத்தில் மீண்டும் அதே தொல்லை. வெளியிலிருந்து வரும் அலைக் குறுக்கீடோ என்று சந்தேகித்துக் கைபேசிச் சேவையை நிறுத்தியும் பார்த்தார்கள். இடம், நேரம், நின்ற ரயில் எதிலும் ஒழுங்கு தென்படவில்லை. அப்போது அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்கள் சம்பவப் பதிவுகளை, 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் ரயில் அட்டவணைக்குப் பயன்பட்ட மாரே வரைபடத்தில் இட்டார்கள். நேரம் ஓர் அச்சு, நிலையங்கள் மற்றொன்று. சிதறிக் கிடந்த புள்ளிகள் சாய்ந்த கோடுகளாயின: ஏதோ ஒன்று தண்டவாளத்தில் நகர, அதன் எதிர்த்திசையில் வந்த ரயில்கள் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. 259 சம்பவங்களில் 189 இந்த ஊகத்துக்குப் பொருந்தின. குற்றவாளி 'பிவி46' என்ற ரயில். அதற்கு எந்தப் பாதிப்பும் நேராததால் நின்ற ரயில்களின் பட்டியலில் அதைத் தேடியவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

பொருத்தம் காரணமாகிவிடாது என்பது நியாயமான மறுப்பு. ஆய்வாளர்களும் அத்தோடு நிற்கவில்லை. நவம்பர் 6ஆம் தேதி, கூட்டம் குறைந்த வேளையில் நிலப் போக்குவரத்து ஆணையமும் எஸ்எம்ஆர்டி நிறுவனமும் அந்த ரயிலை வேண்டுமென்றே ஓட்டின. அருகிலிருந்தவை தொடர்பிழந்து நின்றன. ஆக, தீர்ப்பு சொன்னது கட்டுப்பாட்டுச் சோதனைதான். ஆனால் எதைச் சோதிப்பது என்று காட்டியது பதிவு. விட்டுவிட்டு வரும் கோளாறை, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாமல் ஆய்வுக்கூடத்தில் எப்படி வரவழைப்பது? முறைகளை உயர்வு தாழ்வாக அடுக்குவதைவிட, முன்பின்னாக வரிசைப்படுத்துவதே பயன்தரும் என்பேன்.

இதற்கும் எல்லை உண்டு. முதன்முறையாக நேரும் பிழைக்குப் பதிவு இருக்காது. 2017இல் வடக்கு-தெற்குப் பாதையில் புதிய சமிக்ஞை முறையை முதலில் இரவின் கடைசி மணி நேரத்தில் ஓட்டிப்பார்த்து, பிறகு படிப்படியாக நீட்டித்தார்கள். கிழக்கு-மேற்குப் பாதையிலோ, அதே ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி ஜூ கூன் நிலையத்தில் நின்ற ரயில்மீது பின்னால் வந்தது மோதிப் பயணிகள் காயமடைந்தார்கள். தண்டவாளக் கருவி ஒன்றைக் கடந்தபோது, ரயிலைச் சுற்றி மென்பொருள் வைத்திருந்த பாதுகாப்பு எல்லை நீங்கிவிட்டிருந்தது. அந்தப் பாதையின் ஒரு பகுதி புதிய சமிக்ஞை முறையிலும் மற்றது பழைய முறையிலும் ஓடியது. புதிய முறை தனியாகச் சரி, பழையது தனியாகச் சரி. சிக்கல் இரண்டும் சந்திக்கும் இடத்தில். அங்கே உதவக்கூடியது பாவனைச் சோதனையும் பயணிகளற்ற நீண்ட ஓட்டமும்தான். விபத்துக்குப் பின், புதிய முறையில் ஓடிய துவாஸ் மேற்கு நீட்டிப்பு வேறு, பழைய பாதை வேறு என்று இரண்டையும் பிரித்தே சில மாதங்கள் இயக்கினார்கள். ஜூ கூனுக்கும் கல் சர்க்கிளுக்கும் இடையே பேருந்துதான் ஓடியது.