மாத்தளையில் வதந்தி

கோப்பி விலை வீழ்ந்து இலங்கை அரசின் வருவாய் சுருங்கிய 1848ஆம் ஆண்டில், தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி அமைப்பதற்கு ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் உழைத்தல் வேண்டும். இயலாதோர் மூன்று ஷில்லிங் இறுத்தல் வேண்டும். அடுத்த வரி எதற்கோ என்பதே கண்டி நாடெங்கும் பேச்சாயிற்று. மெய்யான வரிகளோடு பொய்யான வரிகளும் வாய்க்கு வாய் வளர்ந்தன. கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையில் டாக்டர் எலியட் எழுதிய கடிதமொன்று சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு மக்களிடையே உலாவியது. அவ்வாண்டு யூலை 28ஆம் நாள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்குண்டன. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அம்மக்களை மூடர் என்று தள்ளிவிடுதல் எளிது, அது நியாயமன்று. வதந்தியின் வேகத்துக்கு இரு காரணங்கள் உண்டென ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1947இல் எழுதினர். செய்தி கேட்போரின் வாழ்வைத் தொடுவதாயிருத்தல் வேண்டும். அதன் உண்மை தெளிவற்றதாயும் இருத்தல் வேண்டும். மாத்தளைக் குடியானவனுக்கு இரண்டும் இருந்தன. வரி அவன் அடுப்பங்கரை வரை வந்துவிட்டது. அதை அவன் மொழியில் விளக்கிச் சொல்வார் அரியராயினர்.

170 ஆண்டுகளின் பின், 2018 மார்ச்சில், அயல் மாவட்டமாகிய கண்டியின் திகனைப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பகைமூட்டும் சொற்கள் இம்முறை முகநூல் வழியாகவும் பரவின. அச்சம் பழையது, கருவி மட்டுமே புதிது எனலாமோ? முற்றிலும் அவ்வாறன்று. எலியட்டின் கடிதத்தைப் படித்து முடிக்கலாம். கைத்தொலைபேசியின் திரைக்கோ முடிவில்லை. எப்போது தானியம் விழும் என்றறியாத புறா, தவறாது தானியம் பெறும் புறாவினும் விடாப்பிடியாகக் கொத்துவதை ஸ்கின்னர் என்னும் அறிஞர் சோதனையிற் கண்டார். 2009இல் முகநூலில் வந்த விருப்பக் குறியும் அத்தகைய தானியமே. யார் மெச்சுவார், எப்போது மெச்சுவார் என்பது தெரியாமையினாலேயே விரல் மீண்டும் மீண்டும் திரையை நாடுகிறது. சினமூட்டும் செய்திக்குப் பதில் விரைந்து வருதலின், அதையே அனுப்பும் பழக்கமும் வேரூன்றுகிறது.

அம்மார்ச்சில் அரசு ஏறக்குறைய ஒரு வாரம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் தடைசெய்தது. தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தந் தெரிவித்தது. தடையைச் சுற்றிச் செல்லும் வழியைப் பலர் அவ்வாரத்திலேயே கண்டுகொண்டனர்.