சிங்கப்பூர் 8

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் ரப்பர் முத்திரையைத்தான் தேடுவேன். கதை எங்கேயும் ஓடிப்போகாது. முதல் பக்கத்தில் மங்கிய ஊதா மையில் விற்ற கடையின் முகவரி இருக்கும். முகவரியின் கடைசியில் ‘சிங்கப்பூர் 8’ என்று இருந்தால் அது சிராங்கூன் ரோடு வட்டாரம். காலம் 1950க்கும் 1979க்கும் நடுவில். அந்த வருடங்களில்தான் இங்கே அஞ்சல் வட்டார எண் புழக்கத்தில் இருந்தது. நாலு இலக்கம் என்றால் 1979க்குப் பிறகு. ஆறு இலக்கம் என்றால் 1995 செப்டம்பருக்குப் பிறகு. பின்னட்டையில் இருக்கும் விலையும் பேசும். ‘ரூ. 3-8-0’ என்று மூன்று துண்டாக இருந்தால் ரூபாய், அணா, பை. இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது 1957 ஏப்ரலில், ஆக புத்தகம் அதற்கு முந்தியது. ‘ந.பை.’ என்று போட்டிருந்தால் நயா பைசா, 1957இலிருந்து 1964க்குள். கடைக்காரர் பழைய முத்திரையைத் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருந்தால் என் கணக்கு தப்பும். அது வேறு விஷயம்.

இதையெல்லாம் நோண்டி என்ன கிடைக்கப்போகுது என்று ஒரு நண்பன் கேட்டான். 2015இல் தேசிய நூலக வாரியமும் சமூகத் தொண்டூழியர்களும் சேர்ந்து தமிழ் மின்மரபுத் திட்டத்தை நிறைவேற்றினார்கள். 1965இலிருந்து 50 ஆண்டுகளில் சிங்கப்பூரில் எழுதப்பட்ட ஏறக்குறைய 350 தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. பெரிய வேலை. நானும் அதிலிருந்து எடுத்து வாசிக்கிறவன்தான். ஆனால் அது நாம் எழுதியவற்றின் சேமிப்பு. நாம் வாசித்தவற்றுக்கு அப்படி ஒன்று இல்லை. 1960களில் இங்கே கடையிலும் துறைமுகத்திலும் வேலை முடிந்து வந்தவர்கள் கையில் மு.வ. இருந்தார், அகிலன் இருந்தார், சாண்டில்யன் இருந்தார். அந்தப் புத்தகங்களைச் சென்னையில் இன்றைக்கும் புதிதாக வாங்கலாம். கப்பலில் வந்து, சிராங்கூன் ரோட்டில் முத்திரை வாங்கி, நாலு பேர் கைமாறி, ஓரத்தில் பென்சிலால் ‘இவன் திருந்த மாட்டான்’ என்று யாரோ எழுதிவைத்த பிரதி இங்கேதான் இருக்க வேண்டும். இருந்தால்.

ஆங்கிலப் பழைய புத்தகங்களுக்கு இந்த ஊரில் ஒரு தெருவே இருந்தது. பிராஸ் பாசா ரோடு. ராஃபிள்ஸ் கல்வி நிலையம் 1972 வரை அங்கே இருந்தது. செயின்ட் ஜோசப் பள்ளியும் அதே தெரு. பக்கத்தில் விக்டோரியா ஸ்திரீட்டில் கான்வென்ட். பள்ளிகள் இருந்த இடத்தில் கடைகள் முளைத்தன. வருடக் கடைசியில் மாணவர்கள் முடிந்த வகுப்பின் புத்தகங்களை விற்று, அடுத்த வகுப்புக்கானதை வாங்கிப்போவார்கள். அந்தக் கடைகளில் பலவற்றை நடத்தியவர்கள் இந்தியர்கள். 1980இல் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் வந்ததும் புத்தகக் கடைகள் பல அதற்குள் போயின. சீனத்தில் அந்தக் கட்டடத்தைப் ‘புத்தக நகரம்’ என்றும் சொல்வார்கள். அதன் மாடிகளில் நான் பல சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். தமிழ் என்று கண்ணில் பட்டது அகராதிகளுக்கு நடுவில் சொருகியிருந்த ஒன்றிரண்டுதான்.

நம்மவர்கள் வாசிக்கவில்லை என்று சட்டென்று முடிவுகட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய புத்தக வியாபாரத்துக்கு எஞ்சின் நாவல் கிடையாது, பாடப்புத்தகம். இந்த வருடம் படித்ததை அடுத்த வருடம் வாங்க ஒரு பையன் வரிசையில் நிற்க வேண்டும். தமிழில் அந்த வரிசை நின்றுபோனது. கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி என்றானது. தமிழ் ஒரு பாடமாக மிஞ்சியது.

என்னிடம் கிழிந்த தமிழ்க் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டை இல்லை, ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்தின் முத்திரை மட்டும் பாதி தெரிகிறது. பின்னம், வட்டி, பரப்பளவு என்று போகிறது. ஒரு பிள்ளை பென்சிலால் விடை எழுதியிருக்கிறது, இரண்டு இடத்தில் தப்பு. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் பொறியியல் படித்தவன். ஒரு சமன்பாட்டைக்கூடத் தமிழில் யோசித்ததில்லை. இந்தத் தீவில் ஒரு பிள்ளை தமிழிலேயே வட்டிக்கணக்கில் தப்பு பண்ணியிருக்கிறது என்பது எனக்குப் பாடநூல் வரலாறு சொல்லாத செய்தி. இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன்.

நான் வாங்கியவற்றில் சிறந்த ரகம் எது என்றால் யோசிக்காமல் சொல்வேன்: வாராந்தரியிலிருந்து கிழித்துக் கட்டிய தொடர்கதை. பொன்னியின் செல்வன் கல்கியில் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வந்தது. வாரா வாரம் பக்கங்களைச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் துணி ஒட்டி வாங்கிவிடுவார்கள். மணியத்தின் ஓவியங்கள் அன்று அச்சான அளவிலேயே இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் தைல விளம்பரம், பாதியில் அறுந்த நகைச்சுவைத் துணுக்கு. மூன்றரை வருடம் ஒரு ஆள் பொறுமையாக இருந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இன்றைய பளபளப்புப் பதிப்பை யாராவது இலவசமாகத் தந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மாத நாவல்கள் நேர் எதிர். ராணி முத்து, மாலைமதி மாதிரி. தாள் மஞ்சளாகி, ஸ்டேப்பிள் துரு எழுத்துக்குள் இறங்கியிருக்கும். கதை பெரும்பாலும் இரண்டாவது வாசிப்பைத் தாங்காது. ஆனாலும் கைமாறிய எண்ணிக்கையில் இவற்றை அடிக்க ஆளில்லை. ஒரே அட்டையில் மூன்று பேர் பெயர் எழுதி, மூன்றும் அடிக்கப்பட்டிருக்கும்.

பரிசுப் புத்தகங்களைப் பார்த்தாலே தெரியும். உள்ளே லேபிள், போட்டியின் பெயர், ‘முதற் பரிசு’. முதுகு மடங்கியிருக்காது. பரிசாகக் கிடைத்ததை யாரும் படிப்பதில்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு!

சோவியத் நூல்கள் தனி ஜாதி. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, கெட்டி அட்டையோடு, மலிவாக வந்தவை. பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ கிடைத்தபோது இரண்டு வாரம் எம்ஆர்டியில் அதையேதான் படித்தேன். விசை, நிறை, முடுக்கம் எல்லாம் தமிழில் என்னைப் பார்த்துச் சிரித்தன.

இளைய வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பழைய எழுத்து முதலில் தடுக்கும். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்யும்வரை லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடுதான் அச்சாகும். பத்துப் பக்கம் தாண்டினால் பழகிவிடும்.

நேரம்தான் இல்லை. வீட்டில் பெரியவர் தவறினால் பிள்ளைகள் ஒரு வாரத்தில் அலமாரியைக் காலி செய்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, மூன்றறை வீட்டில் இடமும் கிடையாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போன வருடம் எங்கள் புளோக்கின் கீழே காராங்குனிக்காரர் நாலு கட்டுகளை நிறுத்துக்கொண்டிருந்தார். மேல் கட்டில் தமிழ் எழுத்து தெரிந்தது. “அங்கிள், பிரித்துப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “கிலோ கணக்குதான், தம்பி. எடுத்தா முழுக்கட்டா எடுத்துக்கோ,” என்றார். எடுத்துக்கொண்டேன். பாதி பழைய பஞ்சாங்கம். ஒன்றில் மட்டும் ஊதா மையில் முகவரி, கடைசியில் 8.