கடித்த ஓநாயைக் கடித்தது எது? பம்பாய்த் திரையில் மனிதவிலங்கின் மூலம்

மனிதன் ஓநாயாக மாறும் பேர்பெற்ற ஹாலிவுட் படங்கள் ஒரு கேள்வியைப் பதிலில்லாமலே விட்டுவிடுகின்றன: கதாநாயகனைக் கடித்த ஓநாய் எப்படி ஓநாயானது? 1935இல் வந்த 'வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்' படத்தில் அபூர்வ மலர் தேடித் திபெத் போகும் தாவரவியலாளர் கிளெண்டனைக் கடிப்பவர் டாக்டர் யோகாமி. யோகாமிக்கு அந்தக் கேடு எங்கிருந்து ஒட்டியது என்று படம் சொல்வதில்லை. 1941இன் 'தி உல்ஃப் மேன்' படத்தில் லாரி டால்பட்டைக் கடிப்பவன் பேலா என்ற நாடோடிக் குறிசொல்லி. அவன் தாய் மலேவா சாபம், மூலிகை, மரணம் எல்லாம் பேசுகிறாள். மகனைப் பிடித்தது எப்போது, எதனால் என்பது மட்டும் அவள் வாயிலிருந்து வருவதில்லை. 1981இல் ஜான் லேண்டிஸ் எடுத்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' இன்னும் துணிச்சலானது. இங்கிலாந்தின் ஆளில்லாத மேட்டுவெளியில் ஊரார் சுட்ட ஓநாய், உடம்பில் துணியில்லாத ஒரு மனிதனாகச் செத்துக் கிடக்கிறது. அவன் எப்படி ஓநாயானான் என்பதற்குப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. இதைத் திரைக்கதையின் ஓட்டை என்று ஒதுக்குவது சரியாகாது. கடி ஒரு தொற்று. தொற்றுக் கதைக்கு முந்தைய நோயாளி ஒருவன் இருந்தால் போதும், முதல் நோயாளியைத் தேட வேண்டியதில்லை. பம்பாய் இந்த இடத்தில்தான் வேறு வழி பிடித்தது. அங்கே உருவான மூன்று முக்கியமான படங்களிலும் விலங்குக்கு மூலம் உண்டு, அந்த மூலம் ஒரு குற்றம். கடியின் இடத்தில் சாபம் வந்து உட்கார்ந்ததே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ராஜ்குமார் கோஹ்லியின் 'ஜானி துஷ்மன்' (1979) முதல் சான்று. சிவப்புக் கல்யாண உடுப்பில் மணப்பெண்ணைக் கண்டதும் உடம்பெங்கும் ரோமம் முளைத்து மிருகமாகிறவனைப் பற்றிய படம் இது. ரோமமும் கோரைப்பல்லும் ஹாலிவுட்டிலிருந்து வந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நிலவும் இல்லை, கடியும் இல்லை. மாற்றத்தைத் தூண்டுவது துணியின் நிறம். அதற்குப் பின்னால் இருப்பது மணப்பெண்ணால் வஞ்சிக்கப்பட்டுச் செத்த ஒரு மாப்பிள்ளையின் ஆவி, அது பிறர் உடம்பில் ஏறிப் பழி தீர்க்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மகேஷ் பட்டின் 'ஜுனூன்' (1992) நிலவைக் கொண்டுவந்தது. ராகுல் ராய் நடித்த விக்ரம் வேட்டைக்காகக் காட்டுக்குப் போகிறான், அந்தக் காட்டுப் புலியைச் சுற்றியிருந்த பழைய சாபம் அவனைப் பற்றிக்கொள்கிறது, பௌர்ணமி இரவுகளில் அவன் புலியாகிறான். வேட்டைக்காரன் மேல் சாபம் விழுவது நம் புராண மரபில் ஆழ வேரோடிய செய்தி. மான் உருவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரை எய்து பாண்டு சாபம் பெற்றான். இன்னும் நெருக்கமானது பத்ம புராணத்தின் பிரபஞ்சனன் கதை. குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்மானை அம்பெய்த அந்த அரசன், அதன் சாபத்தால் புலியாகி, நந்தா என்ற பசுவைச் சந்திக்கும்வரை காட்டில் அலைகிறான். வேட்டை, சாபம், புலியுரு மூன்றும் ஏற்கனவே ஒரே கதையில் கோத்துக் கிடக்கின்றன. திரைக்கதை எழுதியவர்கள் அந்தப் புராணத்தைப் புரட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. பௌராணிகரிடமும் பக்திப் படங்களிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அமைப்பு தானாக வந்துவிடும் என்கிறேன். பம்பாயின் தாதரில் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' திரைக்கு வந்த அதே 1913இல்தான் அமெரிக்காவில் 'தி வேர்வுல்ஃப்' என்ற மௌனப்படமும் வந்தது. பம்பாய்த் திரைத்துறை ஹரிச்சந்திரனைச் சோதித்த முனிவரின் கோபத்தோடு பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதன் மிருகங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

'ஜுனூன்' லேண்டிஸ் படத்தின் நகல்தானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். உருமாற்றக் காட்சியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானது. 1941 படத்தில் டால்பட் நாற்காலியில் உட்கார்ந்து காலணியையும் காலுறையையும் கழற்றுகிறான். கேமரா அவன் காலிலேயே நிற்க, ஒரு பிம்பம் மங்கி அடுத்தது தெளியத் தெளிய, ரோமம் அடர்ந்து பாதம் மிருகப் பாதமாகிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து லேண்டிஸ் படத்தில் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர் பளிச்சென்ற அறை வெளிச்சத்திலேயே எலும்பு நீளுவதைக் காட்டி ஆஸ்கர் வாங்கினார். உடம்பு மாறுவதைக் கண்ணெதிரே காட்டும் இந்த ஆசையைப் பம்பாய் அங்கிருந்தே எடுத்துக்கொண்டது. ஆனால் நகலெடுப்பவன் எதை விட்டுவிடுகிறான் என்பதும் சான்றுதான். ஓநாயை விட்டான், கடியை விட்டான், அந்த நிர்வாணப் பிணத்தின் மௌனத்தையும் விட்டான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. விலங்காகும் மனிதர்கள் நம் நாட்டார் நம்பிக்கையில் நிறைய உண்டே, புராணம் எதற்கு? சேமா நாகரைப் பற்றி 1921இல் வெளியான நூலில் ஜே. எச். ஹட்டன் விவரிக்கும் நம்பிக்கையில், ஆள் தூங்கும்போது அவன் உயிர் சிறுத்தைக்குள் போகிறது. சிறுத்தை காயப்பட்டால் வீட்டில் கிடப்பவன் உடம்பில் தழும்பு தெரியும், ஆனால் உடம்பு உருமாறுவதில்லை. பம்பாயின் மாட்டுங்கா, செம்பூர் வட்டாரங்களில் வாழும் பாலக்காட்டுத் தமிழர்களின் பூர்வீக ஊர்களில் சொல்லப்படும் ஒடியன் மந்திரத்தால் காளையாகவோ நாயாகவோ உருவெடுப்பவன். அது அவன் கற்ற வித்தை, வேண்டும்போது எடுத்து வேண்டும்போது விடுவான். சிதம்பரத்தில் வண்டு மொய்க்குமுன் பூப்பறிக்கப் புலிக்கால் கேட்டுப் பெற்ற வியாக்கிரபாதருக்கோ அது வரம். ஒடியனோ வியாக்கிரபாதரோ தன் விருப்பத்துக்கு மாறாக மாறவில்லை, இவர்களில் யாரும் செய்த பாவத்துக்காகவும் மாறவில்லை. திரையின் மனிதவிலங்கோ இரண்டாலும் அலைக்கழிகிறான். நாட்டார் நம்பிக்கை அவனுக்குத் தூரத்து உறவுதான்.

ஓநாய் ஏன் புலியானது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. மராட்டியத்தில் ஓநாயின் இடம் சோலாப்பூர்ப் பக்கத்துப் புல்வெளி. ஆட்டுக்காரனுக்கு அது நஷ்டம், அவ்வளவுதான். தண்டிக்கும் உரிமை புலிக்கே உண்டு. கோரேகாவ் ஃபிலிம் சிட்டியை ஒட்டிய ஆரே காட்டுக் குடியிருப்புகளில் வார்லிப் பழங்குடியினர் வணங்கும் புலித்தெய்வம் வாகோபா அந்த உரிமையின் தெய்வ உரு. அமர் கௌஷிக்கின் 'பேடியா' (2022) கடைசியில் ஓநாயையும் கடியையும் ஒருசேரக் கொண்டுவந்தபோது, என் வாதம் உடைந்துபோயிருக்க வேண்டும். உடையவில்லை. வருண் தவன் நடித்த பாஸ்கர் அருணாசலப் பிரதேசத்தின் காட்டை அழித்துச் சாலை போட வந்த ஒப்பந்தக்காரன். அவனைக் கடித்தது தற்செயலாக எதிர்ப்பட்ட ஓநாய் அல்ல, காட்டைக் காத்துவரும் ஓர் உருமாறி. ஊரில் கால்நடை மருத்துவராக இருக்கும் அனிகாவே அது என்பதையும் படம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. யோகாமிக்கும் பேலாவுக்கும் கிடைக்காத முன்கதை இந்த ஓநாய்க்குக் கிடைத்தது, வாகோபாவின் வேலையை அது ஏற்றுக்கொண்ட பிறகுதான்.