வினாவும் எண்ணும்: நோவு நீக்கி மருந்துகளின் தவறான பாவனையை அளந்த வரலாறு

எண்களைச் சான்றாகக் காட்டும் வழக்கம் வரலாற்று மாணவரிடையே பெருகி வருகின்றது. ஆயின் ஓர் எண் எவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தது என நாம் ஆராய்வது அரிது. ஐக்கிய அமெரிக்காவில், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் நோவு நீக்கி மருந்துகள் முறைதவறி உட்கொள்ளப்படுவதை அளக்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறு இவ்வாராய்ச்சியின் இன்றியமையாமையை நன்கு உணர்த்துவதாகும்.

இம்முயற்சி புதியதன்று. 1878 ஆம் ஆண்டில் மார்ஷல் என்பார் மிச்சிக்கன் மாநிலத்து வைத்தியர்களிடம் தகவல் திரட்டி, அபினுக்கும் மோர்பினுக்கும் பழக்கப்பட்டோர் 1,313 பேரைக் கணக்கிட்டார். அவர்களுள் 803 பேர் பெண்கள். 1919 இல் அமெரிக்கத் திறைசேரியின் குழுவொன்று, வைத்தியர்களுக்கு வினாக்கொத்து அனுப்பிப் பெற்ற விடைகளையும் துணைக்கொண்டு, நாட்டில் இத்தகையோர் 10 இலட்சம் பேர் எனக் கூறியது. ஐந்தாண்டுகளின் பின் கோல்ப், டூ மெஸ் ஆகிய இருவரும் அத்தொகையை ஏறத்தாழ 1,10,000 என மதிப்பிட்டனர். இவ்வளவு பெரும் வேறுபாட்டைச் சனங்களின் மாற்றத்தால் மட்டும் விளக்குதல் இயலாது. கணக்கிட்ட முறையே வேறுபட்டது. அன்றியும், பழக்கத்துக்கு ஆட்பட்டவரைப் பற்றி மற்றையோர் கூறியதே இங்கு சான்றாயிற்று.

1971 இல் தொடங்கிய தேசிய வீட்டு ஆய்வு இந்நிலையை மாற்றியது. வீடுதோறும் சென்று, மருந்தை உட்கொண்டவரிடமே வினவும் முறை அதன்வழி நிலைபெற்றது. ஆனால் நாணமும் அச்சமும் மெய்யுரைக்கத் தடையாயின. இதனை உணர்ந்தே 1999 இல் கணினி புகுத்தப்பட்டது. விடையளிப்பவர் வினாவைச் செவிக்கருவியிற் கேட்டு, வினவ வந்தவர் அறியாவண்ணம் விடையைப் பதிந்தார். 2002 இல் ஆய்வின் பெயர் மாற்றப்பட்டதோடு, பங்குகொள்வோருக்கு 30 டொலர் வழங்கும் வழக்கமும் தொடங்கிற்று. அவ்வாண்டு எண்கள் உயர்ந்தன. முந்திய ஆண்டுகளோடு அவற்றை ஒப்பிடலாகாது என ஆய்வை நடத்தியோரே அறிவித்தனர்.

எனினும் மிக ஆழமான மாற்றம் வினாவின் சொற்களிலேயே நிகழ்ந்தது. 2014 வரை, தமக்கு எழுதிக் கொடுக்கப்படாத மருந்தை உட்கொண்டதுண்டா, அல்லது அது தரும் உணர்வுக்காக மட்டும் உட்கொண்டதுண்டா என்றே கேட்கப்பட்டது. 2015 இல், வைத்தியர் பணித்தவாறன்றி வேறெவ்வகையிலேனும் உட்கொண்டதுண்டா என வினா விரிந்தது. கூடிய அளவில், கூடிய தடவைகள், கூடிய காலம் உட்கொள்ளுதலும் அதனுள் வெளிப்படையாக அடங்கின. 2014 இல் ஓராண்டுக்கு 1 கோடி 3 இலட்சம் பேர் எனப்பட்ட தொகை 2015 இல் 1 கோடி 25 இலட்சமாயிற்று. இதனை ஓராண்டில் நேர்ந்த சமூகச் சீரழிவாகக் கொள்வோமாயின் பெரிதும் தவறியவராவோம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. தவறாக உட்கொண்டோருள் 100க்கு 60க்கும் மேற்பட்டோர், தம் உடல் நோவைத் தணிக்கவே இறுதியாக அவ்வாறு செய்ததாக 2015 இன் ஆய்வில் விடையளித்தனர். தமக்கு எழுதித் தரப்பட்ட குளிகைகளையே நோவு தாளாது ஒன்றுக்கு இரண்டாக விழுங்கியவருக்குப் பழைய வினாவில் தெளிவான இடமிருக்கவில்லை. அவர் உண்மையே உரைத்தார். ஆயினும் கணக்கில் வரவில்லை. இவ்வகை மருந்துகள் சம்பந்தப்பட்ட மிகையளவு மரணங்களோ 1999 இல் 3,442 ஆக இருந்து 2017 இல் 17,029 ஆகப் பெருகின. மேலும், சிறையிலிருப்போரும், காப்பகங்களைச் சேராது வீதியில் வாழ்வோரும் வீட்டு ஆய்வின் எல்லைக்குள் வருவதில்லை.

இதனால் சுயகூற்று வினாக்கொத்தினை ஒதுக்கிவிடல் வேண்டுமென்பது எமது கருத்தன்று. மார்ஷலின் வைத்தியர்கள் கண்டிராத தனியறைத் துன்பத்தை அதுவே வெளிக்கொணர்ந்தது. ஆயின் விடை சொல்பவரின் நேர்மையை ஐயுறுமளவுக்கு, வினா தொடுப்பவரின் முன்முடிபையும் நாம் ஐயுறுதல் வேண்டும். மருந்துக்கு ஆட்படுவோன் இன்பம் தேடுபவனே என்ற கருத்து வினாவினுள் புகுந்திருந்தமையால், நோவுற்றவன் நெடுங்காலம் மறைந்து நின்றான். எண்ணைப் படிக்குமுன் வினாவைப் படித்தல் வரலாற்று மாணவனின் முதற்கடனாகும்.