மதமதத்த காலுக்கு ஒரு செருப்பு

செருப்புக் கடையில் "எம்.சி.ஆர்." என்று சொன்னால் போதும், கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. வீட்டில் யாருக்கோ சர்க்கரை என்று புரிந்துகொண்டு, பின்பக்கம் வார் வைத்த, கொஞ்சம் தடிமனான ஜோடியை எடுத்து வைப்பார். மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. இட்லியை விண்டால் தெரியும் கண்களைப் போல, ஆனால் அதைவிட மிக நுணுக்கமாக, காற்றறைகள் நிரம்பிய ரப்பர். ஓரிடத்தில் மட்டும் இறங்க வேண்டிய உடம்பின் எடையை அது பாதம் முழுக்கப் பரப்பிவிடும். மேலே இந்த மெத்தை, கீழே முள் ஏறாத கெட்டியான அடிப்பாகம். இரண்டையும் சேர்ப்பது பசையும் தையலும்தான். ஆணி அடிக்கக் கூடாது. உணர்ச்சியற்ற காலில் ஒரு சிறு ஆணி முனை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் வகுத்த விதி அது.

வெண்ணந்தூர் நெசவு ஊர். தறிக்குழிக்குள் காலை விட்டு மிதித்தே வாழ்ந்தவர்களும் விசைத்தறிக்கு முன்னால் நின்றே வயதானவர்களும் அங்கே நிறைய. சர்க்கரை வந்து சில வருடம் ஆனதும், "காலு மதமதன்னு கெடக்குதுங்க" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். வலி இருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். மதமதப்புக்கு யார் ஓடுகிறார்கள்? இந்த அலட்சியம் எவ்வளவு ஆபத்தானது என்பதை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர், வெண்ணந்தூருக்குத் தென்கிழக்கே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் கொல்லிமலையில் வளர்ந்தவர். செருப்பின் கதையும் அங்கிருந்தே புறப்படுகிறது.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் 1907-இல் பாப்டிஸ்ட் ஊழியராக நம் பக்கம் வந்தார். ஈவ்லின் ஹாரிஸை 1913-இல் மணந்து, இருவரும் கொல்லிமலையில் வாழவந்திக்குக் குடியேறினார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும் அந்த மலைக்கு அன்று கால்நடையாகவோ டோலியிலோதான் போக முடியும். அவர்கள் போனது கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதற்கு. அதை அவர்கள் ஒளிக்கவில்லை, நாமும் மழுப்ப வேண்டாம். ஆனால் மலைமக்கள் ஆண்டுக்கணக்கில் அவர்கள் மதத்தின் பக்கமே வரவில்லை. வந்ததெல்லாம் மருந்துக்கு. லண்டனில் படித்திருந்த வெப்பமண்டல மருத்துவத்தை வைத்துக்கொண்டு ஜெஸ்ஸி காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், காலில் இருந்து நரம்புச் சிலந்தியை இழுத்தார். குடிநீர் வழியே உடம்புக்குள் புகுந்து காலைத் துளைத்து வெளிவரும் அந்தப் புழுவை அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து சீழ் வைத்துவிடும். குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக உருவ வேண்டும். பள்ளிக்கூடம், தச்சு வேலை, பழமரங்கள், நிலவரி விஷயத்தில் மலைமக்களுக்காக அரசாங்கத்துக்கு மனு என்று அவர் கை வைக்காத வேலை குறைவு. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் பரவிய விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்த பூசாரி ஒருவர், தன் பெண் குழந்தையை இந்தத் தம்பதியிடம் ஒப்படைத்த பிறகுதான் மலையில் சிலர் நெருங்கி வந்தார்கள். வெந்நீரும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனவர்களிடம் அந்த மனிதர் கண்ட நம்பிக்கை அது. பிரசங்கத்தால் வந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அவர்கள் மகன் பால் பிராண்ட், 1914-இல் பிறந்தவர், அந்த மலையில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பாவை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. 1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்து வாழவந்தியிலேயே அடக்கமானார். மகன் முதலில் கட்டட வேலையும் தச்சும் கற்றார், பிறகு மருத்துவம். 1946-இல், ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க, தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப் போனார். மடங்கிப்போன விரல்கள் கொண்ட ஒரு நோயாளி கை கொடுத்தார். பிடி இரும்பாக இருந்தது. சில தசைகள் செத்திருக்கின்றன, மற்றவை நல்ல பலத்தோடு இருக்கின்றன என்று பிராண்டுக்கு அந்த நொடியில் உறைத்தது. நல்ல தசைநாரை இடம் மாற்றி, செத்த தசையின் வேலையை அதனிடம் கொடுக்கும் அறுவை சிகிச்சைகள் அதிலிருந்து பிறந்தன. அவர் பெயர் உலகெங்கும் தெரிந்தது அந்தக் கைகளால்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கால்களுக்கு அவர் செய்தது.

தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்றே அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். ஒருமுறை, துருவேறிய பூட்டை பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். கீழே ரத்தம் சொட்டியது. பிடித்துப் பார்த்தால் எலும்பு தெரிய விரல் கிழிந்திருக்கிறது, பையனுக்குத் தெரியவே இல்லை. சிலருக்கு இரவோடு இரவாக விரலில் சதை குறைந்திருக்கும். கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது தூங்குகிறவரின் கையை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். நோய் நரம்பை மட்டும்தான் கொல்கிறது, மிச்சத்தை அன்றாட வாழ்க்கை செய்துவிடுகிறது என்று தெளிவானது. வலி தெரிகிறவன் தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்வான், நொண்டுவான், உட்காருவான். வலி தெரியாதவன் அதே புள்ளியில் ஆயிரம் முறை மிதித்துப் புண்ணாக்கிக்கொள்வான்.

இதை அவர் தன் காலிலும் உணர்ந்தார். இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்த ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தொழுநோய் தொற்றிவிட்டது என்றே முடிவு கட்டி விடிய விடியக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீரென்றது. நெருக்கமாக உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். வலியை ஒரு கொடை என்று பிற்காலத்தில் புத்தகம் எழுதியவரின் வார்த்தைக்குப் பின்னால் அந்த ஓர் இரவு இருக்கிறது.

மாவுக்கட்டு போட்டால் பாதப் புண் ஆறும். நடக்க விட்டால் திரும்ப வரும். அப்படியானால் மருந்து செருப்புதான். அடி வளைந்த மரக்கட்டைச் செருப்பு செய்து பார்த்தார்கள், மெழுகில் அச்செடுத்துப் பார்த்தார்கள். பி.வி.சி. கலக்கக் கற்க பிராண்ட் கல்கத்தா வரை போனார். கடைசியில் கைகொடுத்தது அந்த எம்.சி.ஆர். என்ற நுண்ணறை ரப்பர். சரியான மென்மை கிடைப்பதுதான் கஷ்டம்: மிகவும் மெத்தென்று இருந்தால் அமுங்கித் தட்டையாகிவிடும், கெட்டியாக இருந்தால் தோலை அறுக்கும். காட்பாடிக்குப் பக்கத்தில் 1955-இல் தொடங்கிய கரிகிரி ஷிஃபெலின் தொழுநோய் மையத்தில் இந்த வேலை நிலைபெற்றது. செருப்புத் தைக்கிறவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள், நோயிலிருந்து மீண்டவர்களே உளியும் பசையும் எடுத்தார்கள். அறுவை மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே காலைக் குனிந்து பார்த்துப் பேசிய இடம் அது. தோல் வேலையைத் தீட்டு என்று தள்ளி வைத்த ஒரு சமூகத்தில் இது சிறிய காரியமல்ல.

ஒரு சிக்கல் அவர்கள் எதிர்பாராதது. ஆஸ்பத்திரிச் செருப்பு தனியாகத் தெரிந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் "இவருக்குப் பெருநோய்" என்று ஊரே சொல்லிவிடும். ஆகவே பலர் ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும் கழற்றிப் பையில் வைத்தார்கள். காலைக் காப்பாற்றும் பொருள் மானத்தை வாங்கினால் யார் போடுவார்கள்? கடையில் விற்கும் செருப்பைப் போலவே தோற்றம் இருக்க வேண்டும் என்று வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில் வேலூரில் பார்த்த அதே புண்களைக் கண்டார். சாயம் நிரம்பிய நுண்குமிழிகள் கொண்ட காலுறையை மாட்டி நடக்கவிட்டு, எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே குமிழிகள் உடைந்து நிறம் மாறுவதைக் காட்டினார்கள். இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் முன்பே கையாண்ட, பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு முறையும் பிராண்ட் வழியாக அமெரிக்காவில் வேரூன்றியது. நம் ஏழைத் தொழுநோயாளிகளின் காலில் கற்ற பாடம் பணக்கார நாட்டின் சர்க்கரைக் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தத் திசையில் அறிவு பயணப்படுவதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அம்மா ஈவ்லின் இதற்குள் தன் சொந்தப் பிடிவாதத்தில் இருந்தார். மிஷன் 68 வயதில் ஓய்வு கொடுத்ததும் தன் பொறுப்பில் மறுபடி மலையேறி, கல்வராயன், பச்சைமலை என்று மட்டக்குதிரையில் அலைந்து மருத்துவம் பார்த்தார். 1974-இல் 95 வயதில் காலமாகி வாழவந்தியில் கணவர் அருகே அடக்கமானார். பால் பிராண்ட் 2003-இல் சியாட்டிலில் இறந்தார். கரிகிரி இன்றும் இயங்குகிறது. கூட்டு மருந்து வந்த பின் தொழுநோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. உணர்ச்சியிழந்த பாதமுள்ள தொழுநோயாளிகளுக்கு அரசு எம்.சி.ஆர். செருப்பை இலவசமாகத் தருகிறது. சர்க்கரைக்காரர்கள் பெரும்பாலும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். கூலி நெசவாளர் குடும்பத்துக்கு அது கனமான செலவு. மெத்தை அமுங்கியதும் புதிது வாங்கியாக வேண்டும். மருந்து மாத்திரையோடு இதையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கால் எடுத்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

வேலூர்க்காரர்கள் தீர்க்காத ஒன்றும் மிச்சம் இருக்கிறது. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். கோயிலுக்குள்ளும் அப்படித்தான், சித்திரை வெயிலில் பிராகாரக் கல் கொதித்தாலும் வெறுங்கால்தான். கால் மதமதத்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்டபின்தான் தெரியும். வீட்டுக்குள் போட மட்டும் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பூசை அறை தாண்டிச் செருப்போடு நடக்க வயதானவர்களுக்கு மனம் கூசுகிறது. பேரப்பிள்ளைகள்தான் அடுப்படியில் அதைக் கொண்டுவந்து காலடியில் போட்டு, "போட்டுக்கங்க ஆயா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.